அப்பா டெலிபோனில் காட்டிய முசூரி

எங்கள் வீடுகளில் டெலிபோன் அடித்தால் உடனே யாரும் எடுத்ததில்லை. உங்களுக்கும் நினைவிருக்கும். லண்டனில் பிளேஸ்டோவிலும் மிச்சம் என்கிற பகுதியிலும் மாமன் வீட்டிலோ சித்தப்பன் வீட்டிலோ மேல்மாடி அறையொன்றில் வளர்ந்த என் வயதுக்காரர் எல்லோருக்கும் அந்த மணியோசை எவ்வளவு நீளம் என்று தெரியும். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாராவது கையைத் துடைத்துக்கொண்டு எழும்புவார். எனக்கு இந்த வயதிலும் அது போகவில்லை. கைத்தொலைபேசியில் மகளின் பெயர் விழுந்தாலும் நெஞ்சு ஒருதரம் நின்றுதான் ஓடும். ஏன் உடனே எடுப்பதில்லை என்று அவள் இங்கிலிஷில் கோபிப்பாள்.

நான் பதினாறு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதிப் பழக்கமில்லை. பிழை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் இதைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். ஆனால் நானும் கண்ணை மூடிவிட்டால், எங்கள் அப்பா இமயமலையில் ஒரு கோடைகாலமும் ஒரு மழைகாலமும் சந்தோஷமாக இருந்தார் என்பதைச் சொல்ல ஆளில்லாமல் போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. அம்மாவும் நானும் முதலில் லண்டனுக்கு வந்துவிட்டோம். இரண்டு பேருக்குத்தான் அப்போது வழி கிடைத்தது. அப்பா மெட்ராசில் நின்றார். நாங்கள் பிளேஸ்டோவில் அம்மாவின் அண்ணன் வீட்டில் இருந்தோம். மாமா பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. மாமி வீட்டிலிருந்து தையல் வேலை செய்தார், கம்பனியொன்று வெட்டிய துணிகளை மூட்டையாகக் கொண்டுவந்து போடும். டெலிபோன் கீழே வாசல் நடையில், கோட்டுகள் தொங்கும் கொளுக்கிகளுக்குக் கீழே இருந்தது. ரிசீவரில் பெற்றோல் மணமும் மாமாவின் தலையெண்ணெய் மணமும் கலந்து வரும். அம்மா அதைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார். நான் மற்றப் பக்கத்தில் காதை ஒட்டிக்கொள்வேன். அப்பாவின் குரல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வரும்.

எங்கள் கேசை எடுத்த லோயர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவசரப்படாமல் இருங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அகதியென்று ஏற்றுக்கொண்டுவிட்டால் அப்பாவைச் சொந்தப் பெயரில், சொந்தப் பாஸ்போட்டில், பிளேனில் கூப்பிடலாம். அதுவரைக்கும் அவர் ஓரிடத்தில் பத்திரமாக இருந்தால் போதும். மாமா அதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, "வெள்ளைக்காரிக்கு என்ன, சொல்லுவாள்" என்று சேர்ப்பார்.

ஆனால் அந்த வருடம் மெட்ராசில் பொலிஸ்காரர் இலங்கையிலிருந்து போன எங்களுடைய ஆட்களைத் தேடித் தேடிப் பதிந்துகொண்டிருந்தார்கள். அப்பாவும் இன்னும் சிலரும் டில்லிக்கு ஏறினார்கள். டில்லியிலும் லொட்ஜ்களைச் சோதிக்கத் தொடங்க, யாரோ ஒரு கெட்டிக்காரர் சொல்லியிருக்கிறார், உல்லாசப் பயணிகள் நிறைந்த ஊருக்குப் போனால் புதுமுகத்தை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று. அப்படித்தான் அப்பா முசூரிக்குப் போனார்.

அப்பா ஊரில் பஸ் டிரைவர். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது, உங்களுக்குத் தெரியும், ஒரு மேடுகூடக் கிடையாது. கோயில் கோபுரம்தான் எங்களுக்கு உயரம். நேர் ரோட்டிலேயே வாழ்க்கை முழுக்க ஓடிய மனிதர், முதல் ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தபோது சுகம் விசாரிக்கக்கூட இல்லை. டேராடூனிலிருந்து மேலே ஏறும் வளைவுகளைத்தான் சொன்னார். பஸ் ஒரு வளைவில் திரும்பும்போது மேலே போகிற பஸ்ஸின் அடிப்பாகம் தலைக்கு மேல் தெரியுமாம். டிரைவர்மார் ஹோர்னில் கையை வைத்தால் எடுக்கிறதேயில்லையாம். "நான் சீற்றில இருந்தபடியே பிறேக் அமத்திக் கொண்டு போனனான், பிள்ளை. கால் நோகுது" என்றார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. எங்கே படுக்கிறீர்கள், சாப்பாடு என்ன, யார் கூட என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் கதை வளர்ந்தது. அவர் தங்கியிருந்த ஹோட்டல் முதலாளிக்கு ஒரு ஜீப் இருந்தது. மெட்ராசிலிருந்தும் மதுரையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களை அதில் ஏற்றி இடம் காட்டுவார்கள். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது, வருகிறவர்களுக்கு ஹிந்தி தெரியாது. அப்பாவுக்கு ஹிந்தி ஏதோ கொஞ்சம் பிடிபட்டிருந்தது. ஆகவே அப்பாவைக் கூட ஏற்றி விட்டார்கள். சாப்பாடும் படுக்கையும் அதற்குக் கூலி. எங்கள் அப்பா, பதிவும் பத்திரமும் இல்லாமல் ஒளித்துப் போன மனிதர், இமயமலையில் நின்று உல்லாசப் பயணிகளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார்.

கெம்ப்டி என்று ஒரு நீர்வீழ்ச்சி. இறங்கிப் போகும்போது சத்தம் முதலில் நெஞ்சில் கேட்கும், பிறகுதான் காதில் கேட்கும் என்றார். ஆட்கள் குளிக்கும்போது செருப்பு, மணிக்கூடு, மூக்குக்கண்ணாடி எல்லாம் அப்பாவின் மடியில். ஒட்டகத்தின் முதுகு என்று பெயர் வைத்த ஒரு ரோட்டு, அங்கே உண்மையிலேயே ஒரு பாறை ஒட்டகம் போலப் படுத்திருக்கும், ஆனால் ஒரே ஒரு வளைவிலிருந்து பார்த்தால்தான் தெரியும், அந்த இடத்தில் ஜீப்பை நிற்பாட்டாவிட்டால் சனம் சண்டைக்கு வரும். இன்னொரு மலைக்குக் கம்பிக் கயிற்றில் தொங்கும் ஒரு பெட்டிக்குள் ஏறிப் போவார்களாம். லால் டிப்பா என்ற உச்சியில் ஒரு தொலைநோக்கி. காசு கொடுத்து ஒற்றைக் கண்ணை வைத்தால் கேதாரத்துப் பனிமலை தெரியும். கோயிலில் பதிகம் பாடும்போது வருகிற திருக்கேதாரம். அப்பா முதன்முதல் பார்த்த அன்று கைகூப்ப முடியவில்லையாம், இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருந்ததால்.

நான் அந்தக் கதைகளோடு படுத்து அந்தக் கதைகளோடு எழும்பினேன். பள்ளிக்கூடத்தில் ஓவியம் கீறச் சொன்னபோது, கயிற்றில் தொங்கிப் போகும் பெட்டியையும் அதற்குள் அப்பாவையும் கீறினேன். மாஸ்டர் அதை ‘விடுமுறைக்குப் போன இடங்கள்’ என்ற பலகையில் குத்தினார், ஸ்பெயின் கடற்கரைகளுக்கும் டிஸ்னி கோட்டைகளுக்கும் நடுவில். வகுப்பில் சில நாட்கள் நான் பணக்காரி.

வீட்டில் வேறு நடந்துகொண்டிருந்தது.

இதை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் விளங்கவைக்க ஏலாது. வழியில் நிற்கிறவன் டெலிபோனில் நல்லதாகச் சொன்னால் அது கெட்டது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் படித்திருந்தோம். மறியலில், அதுதான் ஜெயிலில், இருக்கிறவன் வசதியான ஹோட்டல் என்பான். பட்டினி கிடக்கிறவன் உடம்பு வைத்துவிட்டது என்பான். இதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருந்தது. மாமா லண்டனுக்கு வரும் வழியில் பாங்கொக்கில் பிடிபட்டு உள்ளே இருந்தவர். அங்கிருந்து ஊருக்குப் போன் எடுத்து மாமியிடம், தினமும் கடலில் குளிக்கிறேன், இறால் கொட்டிக் கிடக்குது என்று சொல்லியிருக்கிறார். மாமி சந்தோஷப்பட்டுக் கோயிலில் பொங்கிப் படைத்தாராம். பிறகு லண்டனில் வந்து புருஷனைப் பார்த்தபோது சட்டைக்குள் எலும்புதான் இருந்தது. அந்தப் பொங்கலை மாமி மாமாவுக்கு மன்னிக்கவேயில்லை.

ஆகவே தொலைநோக்கிக் கதை வந்த ஞாயிறு, போனை வைத்த பிறகு மாமா அம்மாவைக் குசினிக்குள், அடுப்படி மேசைக்கு, கூப்பிட்டு இருத்தினார்.

"தங்கச்சி, குறை நினையாதை. இது மறியல் கதை. நானும் கதைச்ச கதை."

"அவர் பொய் சொல்லமாட்டார் அண்ணை."

"அப்ப நான் பொய்க்காரனே? உள்ளுக்கை இருக்கிறவன் என்னத்தைச் சொல்லுறது? அடிக்கிறாங்கள் எண்டு சொல்லுறதே?"

மாமி மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "இவராவது கடலோடை நிண்டவர், மச்சாள். உங்கடை ஆள் ஆகாயத்திலை கம்பியிலையெல்லோ போறார்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். அம்மாவின் முகத்தைக் கண்டதும் எழும்பி வந்து தோளில் கை வைத்தார்.

அதற்குப் பிறகு அப்பா எது சொன்னாலும் குசினியில் அது வேறாகியது. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே ஒரு மலையில் மத்தியானம் பீரங்கி அடித்து ஊருக்கு நேரம் காட்டுவார்களாம் என்று அப்பா சொன்னார். பீரங்கி என்ற சொல் மனிதரின் வாயில் ஏன் வருகிறது, ஆமிக் காம்ப் ஒன்றில் வைத்திருக்கிறார்கள் என்றார் மாமா. மழைகாலத்தில் பனிப்புகார் ஜன்னலால் உள்ளே வந்து கட்டிலில் இருக்கும் என்று அப்பா சொன்னார். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அம்மாவின் குரல் உடைகிறதைக் கேட்டு, அப்பா இன்னும் கூடச் சொன்னார். இன்னும் விபரமாக, இன்னும் வடிவாக, அழகழகாக. தான் நன்றாக இருக்கிறேன் என்று நம்பவைக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பாவம், அவர் ஏற ஏற அம்மா இறங்கிக்கொண்டு போனார்.

பிறகு ஒரு படம் வந்தது. அப்பா கம்பளித் தொப்பி போட்டு, கம்பி வேலியில் கை வைத்து நிற்கிறார். பின்னால் வானத்தின் ஓரம் முழுக்கப் பனிமலை. எங்களில் அனேகமான பேருக்கு யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்கள் நினைவிருக்கும். பின்னால் தொங்கும் ஒரு சீலைத் திரையில் கீறிய பனிமலை, கீழே குளம், குளத்தில் அன்னம். என்னுடைய முதலாம் பிறந்தநாள் படமே அதற்கு முன்னால் எடுத்ததுதான், அம்மா அதை லண்டனுக்குக் கொண்டுவந்திருந்தார். மாமி அதை எடுத்துவரச் சொல்லி இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்கோ மச்சாள். அன்னத்தை மட்டும் வெட்டிப்போட்டாங்கள்."

அம்மா இரண்டு மலையையும் விரலால் தடவிப் பார்த்தார். அவர் என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் தொப்பியின் நூல் காற்றில் ஒரு பக்கமாகப் பறந்துகொண்டிருந்ததை நான் கண்டேன். ஸ்டூடியோவுக்குள் காற்று வராது. அந்தப் படத்தைப் பிறகு ஆளை அடையாளம் காட்டவென்று மாமா கொண்டுபோய், ஆட்களைக் களவாக நாட்டுக்கு நாடு ஏற்றிவிடும் ஏஜென்சிக்காரரிடம் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. அப்பாவின் கடைசிப் படம் அது.

ஏஜென்சிக்காரர் சவுத்தாலில் இருந்தார். நல்ல வடிவாகக் கதைப்பார், எனக்கு ஒரு சொக்லேட்டும் தந்தார். டில்லியிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து தரைவழி. உள்ளே இருக்கிற ஆளையும் எடுப்பீர்களா என்று மாமா கேட்டதற்கு, அவர் சிரித்துக்கொண்டு, "அண்ணை, எடுக்கிறதுதானே எங்கடை வேலை" என்றார். அம்மாவின் தாலிக்கொடி அந்தக் கிழமை போனது. மஞ்சள் கயிறொன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டார். மாமாவும் தன் பங்குக்கு இரட்டை ஷிப்ட் செய்தார். மாமாவில் எனக்குக் கோபமில்லை. தன்னை ஒருவரும் வந்து எடுக்கவில்லை என்ற நோவு அவருக்குள் கிடந்தது. தங்கச்சியின் புருஷனுக்கு அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தார். அன்பில்தான் எல்லாம் நடந்தது. அதுதான் என்னை இன்னும் வருத்துகிறது.

கார்த்திகை மாதமளவில் அப்பா ஒரு முடிவோடு போன் எடுத்தார். சீசன் முடிந்துவிட்டது. பனிகாலத்தில் ஹோட்டலைப் பூட்டுவார்கள். காவல்காரரோடு இருக்கச் சொல்லி முதலாளி கேட்டிருக்கிறார், விறகு அடுப்போடு ஓர் அறை. லோயர் சொன்னபடி கேஸ் சரிவரும் மட்டும் அங்கேயே இருந்துவிடுகிறேன் என்றார்.

முதலில் என்னோடு கதைத்தார். பனிகாலத்தில் அங்கே ஒரு புதினம், ஒரு அதிசயம், நடக்குமாம். பொழுது பட்ட பிறகு, மேற்கில், சமவெளிக்கு மேலே இன்னொரு அடிவானம் உண்டாகும். மேலே மஞ்சளும் சிவப்பும், கீழே ஒரு கருநீலக் கோடு, கீறிவிட்டது போல நேராக. ஊர்ச் சனம் வெளியே வந்து நின்று பார்க்கும்.

"சரியா எங்கடை கடல் மாதிரி, குஞ்சு. காங்கேசன்துறையிலை நிண்டு பாத்தால் தெரியுமே, அது மாதிரி. மலையிலை நிண்டு கடல் பாக்கிறன்."

அம்மா ரிசீவரை முழுதாக வாங்கிக்கொண்டார். நான் அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்பாவின் குரல் சின்னதாகக் கேட்டது.

"இஞ்சருங்கோ, நீங்கள் அங்கை நிக்கவேண்டாம். ஆள் வருவார். அவரோடை வெளிக்கிடுங்கோ."

"ஏன் இப்ப? இன்னும் கொஞ்ச நாள்தானே. நான் இஞ்சை சந்தோஷமாத்தான் இருக்கிறன்."

சந்தோஷம் என்ற சொல்லில் அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டார். பின்னால் தொங்கிய கோட்டொன்று கீழே விழுந்தது.

"நீர் என்னை நம்பேல்லையே?" என்றார் அப்பா.

"நம்புறன். நம்பித்தான் வரச்சொல்லுறன். எனக்கு ஏலாமல் கிடக்கு. வாங்கோ."

இரைச்சலுக்கு நடுவில், "சரி. அழாதையும். வாறன்" என்றார்.

மொஸ்கோவிலிருந்து ஒரேயொருதரம் கதைத்தார். குளிர் தாங்க ஏலவில்லை, ஓர் அறைக்குள் ஆட்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், சாப்பாடு ஒழுங்கில்லை, நெஞ்சு சளி என்றார். மலையை விட்டு வந்தது பிழை என்றும் சொன்னார். இதைக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். நான் இதை இட்டுக்கட்டவில்லை. மாமா கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டுவிட்டு, இப்போதுதான் மனிதர் மறைக்காமல் கதைக்கிறார், வெளியே வந்துவிட்டார், இனிப் பயமில்லை என்றார். மாமி பால் காய்ச்சினார். பல மாதங்களுக்குப் பிறகு அம்மா நன்றாக நித்திரை கொண்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு மணி அடித்தது, அவருடைய குரல் வரவில்லை. கூடப் போன பொடியன் ஒருவன் பிறகு ஜேர்மனியிலிருந்து கதைத்தான். எல்லையைக் கடக்கும் இடத்தில் காட்டுக்குள் நடந்தார்களாம். அண்ணைக்குக் காய்ச்சல், நடக்க ஏலவில்லை, பின்னால் வாறன் எண்டு சொன்னவர் என்றான். எந்தக் காடு, எந்த நாட்டுப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அவ்வளவுதான்.

மரங்கள் திரும்பத் துளிர்த்த நேரம் எங்கள் கேஸ் சரிவந்தது. லோயர் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இனி உங்கள் கணவரைக் கூப்பிடலாம் என்றார். மொழிபெயர்க்கப் போன மாமா எழும்பிக் கதவுப் பக்கம் போனார். நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன்.

மாமா அதற்குப் பிறகு டெலிபோன் அடித்தால் பின்கதவால் தோட்டத்துக்குப் போய்விடுவார். மழையென்றாலும் போவார். காலமாகும் வரைக்கும் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அம்மாவும் எடுக்கவில்லை. அம்மா வேலைக்குப் போய் வரும் வழியில் இடம் மாறி நிற்கத் தொடங்கினார், பஸ்ஸில் இறங்க மறந்தார். நான் படிப்பை விட்டு ஒரு கடையில் கல்லாவில் நின்றேன். அம்மா பொட்டை எடுக்கவில்லை, மஞ்சள் கயிற்றையும் கழற்றவில்லை. அதைப் பற்றிக் கேட்கிற துணிவு யாருக்கும் வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் நான் முசூரிக்குப் போனேன். என் புருஷன் கூட வந்தார். போகும் மட்டும் எனக்கு ஆயிரம் யோசனை. பாஸ்போட், மாத்திரை, தண்ணீர், வளைவு, மண்சரிவு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு யோசனை, அங்கே ஒன்றும் இல்லாமல் இருந்தால்? அதைவிட, எல்லாம் இருந்தால்?

எல்லாம் இருந்தது. வளைவில் நின்று பார்த்தால் மேலே போகிற பஸ்ஸின் அடிப்பாகம் தெரிந்தது. கெம்ப்டியில் இப்போது தண்ணீர்வரைக்கும் கடைகள் இறங்கிவிட்டன, என்றாலும் சத்தம் முதலில் நெஞ்சில்தான் கேட்டது. ஒட்டகப் பாறைக்கு வண்டிக்காரர் அந்த ஒரே வளைவில்தான் நிறுத்தினார். கயிற்றுப் பெட்டியில் எங்களோடு ஏறிய மதுரைக் குடும்பம் ஒன்று, இதுக்கா இவ்வளவு காசு என்று முறுமுறுத்துக்கொண்டு வந்தது. அப்பா இருந்திருந்தால் அவர்களுக்குப் பீரங்கிக் கதை சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பார். மேலே கம்பி வேலியில் கை வைத்து நின்றேன். எதிரே பனிமலை, சீலையில்லை. புருஷன் படம் எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பொழுது பட்ட பிறகு மேற்கில் அந்தக் கோடும் விழுந்தது. சனத்தோடு சனமாக ரோட்டில் நின்று, அது கறுக்கும் மட்டும் பார்த்தேன்.

அந்த ஊரிலேயே அப்பா இருந்திருக்கலாம். ஒரு பனிகாலம் விறகு அடுப்பண்டையில் இருந்துவிட்டு, வசந்தத்தில் இறங்கிப் பிளேன் ஏறியிருக்கலாம்.

திரும்பி வந்த கையோடு மிச்சம் பகுதிக்கு, அம்மாவிடம் போனேன். கவுன்சில் தந்த சின்ன ஃப்ளாட். நான் எங்கே போனேன் என்று அவருக்குச் சொல்லியிருக்கவில்லை, மகள்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அம்மா தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். எனக்கு முன்னால் இருந்து, தன் கையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"என்ன மாதிரி இடம்?"

வழி முழுக்க நான் யோசித்து வைத்திருந்த பதில்தான்.

"ஒண்டுமில்லை அம்மா. ஒரே பனிப்புகார். பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை, சாப்பாடும் சரியில்லை. அந்தக் குளிருக்கை மனிசர் இருக்கேலாது. அப்பா அங்கை நிண்டிருந்தாலும் தாக்குப்பிடிச்சிருக்கமாட்டார்."

அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எத்தனையோ டெலிபோன்களைக் கேட்ட முகம்.

"அவ்வளவு வடிவான இடமே, பிள்ளை?" என்றார்.